செக்‌ஷன் 8 வவுச்சரோடு ஒருவர் வீடு கேட்டு வந்தால்

கேள்வி இது: "நியூ ஜெர்சி எடிசனில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை உள்ள காண்டோ ஒன்று இருக்கிறது. வாடகைக்கு விளம்பரம் கொடுத்திருந்தோம். இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண்மணி வந்து பார்த்தார். வீடு பிடித்திருக்கிறது, செக்‌ஷன் 8 வவுச்சர் வைத்திருக்கிறேன் என்றார். வாடகையில் பெரும்பகுதியை அரசாங்கமே கொடுத்துவிடுமாமே, அது எப்படி? அந்தக் குடும்பத்துக்கு அது நிஜமாகவே உதவுகிறதா? தெரிந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்கிறார்கள்."

முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வவுச்சர் வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு வீடு இல்லை என்று சொல்வது நியூ ஜெர்சியில் சட்டப்படி தவறு. வாடகைப் பணம் எந்த நேர்மையான வழியில் வந்தாலும் அதை வைத்து ஆளைத் தள்ளக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. "வவுச்சர்காரர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று விளம்பரத்தில் போடுவதும் சேர்த்தி. ஆகவே உங்கள் நண்பர்களின் யோசனையைக் கேட்டு நடந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

பத்து வருடத்துக்கு மேலாக, வீடு தேடும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதும், அவர்களுக்காக வீட்டுக்காரர்களோடு பேசுவதும் என் சனிக்கிழமை வேலையாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வவுச்சர் என்றதும் கடையில் கொடுக்கும் கூப்பன் மாதிரி ஒன்றை நினைத்துவிடாதீர்கள். அது ஓர் அத்தாட்சிக் கடிதம். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை படுக்கையறைக்குத் தகுதி, கொடுத்த தேதி, முடியும் தேதி, அவ்வளவுதான் அதில் முக்கியம். பணம் எதுவும் அந்தப் பெண்மணியின் கைக்கு வராது. உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி, அதாவது வீட்டுவசதி ஆணையம், தன் பங்கை ஒவ்வொரு மாதமும் நேரே உங்கள் வங்கிக் கணக்கில் போடும். மிச்சத்தை அவர் தருவார். செலவு மத்திய அரசின் ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறையுடையது. நாடு முழுவதும் ஏறக்குறைய 2,000 ஹவுசிங் அத்தாரிட்டிகள் இதை நடத்துகின்றன. சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இப்படி வாழ்கின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெண்மணி முதியவர்களை வீட்டில் வைத்துக் கவனிக்கும் உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 24,000 டாலர். பிள்ளைக்கு 480 டாலர் கழிவு என்று வைத்து, இரண்டு பேருக்கு 960 கழித்தால் 23,040. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,920. இதில் 30 சதவீதம், அதாவது 576 டாலர், அவர் பங்கு. உங்கள் வாடகை 2,000 என்றும், மின்சாரம், எரிவாயு பில் அவர் பொறுப்பு என்றும் வைத்தால், அந்தப் பில்லுக்காக அத்தாரிட்டி ஒரு தொகையை மதிப்பிடும். அது 150 என்று கொள்ளுங்கள். மொத்தச் செலவு 2,150. அதில் 576 போக மீதி 1,574 அத்தாரிட்டியிடமிருந்து உங்களுக்கு வரும். அவர் உங்களுக்குத் தர வேண்டியது 426. பில்லுக்கான 150ஐ அவரே கட்டிக்கொள்வார்.

இதே குடும்பத்தை வவுச்சர் இல்லாமல் யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளமே 2,000. வீட்டுச் செலவு 2,150. சாப்பாடு, பஸ், பிள்ளைகளின் செருப்பு எதற்கும் இன்னும் போகவில்லை, அதற்குள் 150 டாலர் கடன். "சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாமே" என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். எதைச் சிக்கனம் செய்வது?

அடுத்தது, வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. அவருக்கு வேலை நேரம் பாதியாகக் குறைந்து ஆண்டு வருமானம் 12,000 ஆகிவிட்டால், அதை அவர் தெரிவித்ததும் கணக்கைத் திரும்பப் போடுவார்கள். அவர் பங்கு 276 ஆக இறங்கும், அத்தாரிட்டியின் பங்கு 1,874 ஆக ஏறும். உங்களுக்கு வரும் 2,000 அப்படியே இருக்கும். சாதாரணமாக வாடகைக்கு இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த மாதமே உங்களுக்கும் இடி. இங்கே அந்த இடியைப் பெரும்பாலும் அரசு தாங்கிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நேரிலேயே பார்த்தேன்.

எவ்வளவு வாடகைக்கும் கொடுப்பார்களா என்றால், மாட்டார்கள். ஹட் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆண்டுதோறும் நியாய வாடகை என்று ஒன்றை வெளியிடும். அண்மையில் குடிவந்தவர்கள் தரும் வாடகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், நூற்றுக்கு நாற்பதாவது இடத்தில் நிற்பது அது. பில் செலவும் அதில் அடக்கம். அதன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் அத்தாரிட்டி தன் உச்ச அளவை வைத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் அந்த அளவு 2,200 என்றும், மொத்தச் செலவு 2,350 என்றும் வைத்தால், அத்தாரிட்டி 1,624க்கு மேல் தராது. கூடுதல் 150ஐயும் சேர்த்து அந்தப் பெண்மணி 726 சுமக்க வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு: புதிதாகக் குடிபுகும்போது அவர் பங்கு, கழிவு போன வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 768. தாண்டினால் அந்த வீட்டுக்கு அனுமதியே இல்லை. அதோடு, அக்கம்பக்கத்தில் வவுச்சர் இல்லாதவர்கள் இதே மாதிரி வீட்டுக்கு என்ன தருகிறார்கள் என்றும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வவுச்சர்தானே, அரசாங்கப் பணம்தானே என்று முன்னூறு டாலர் ஏற்றிக் கேட்டால் நடக்காது.

இந்த 30 சதவீதக் கணக்குக்கு ஒரு பின்கதை உண்டு. 1937 சட்டத்தின் கீழ் அரசே அடுக்குமாடி கட்டி ஏழைகளைக் குடிவைத்தது. மாசச்சூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் 1969இல் கொண்டுவந்த திருத்தம்தான், அங்கே இருப்பவர்கள் வருமானத்தில் கால்வாசிக்கு மேல் வாடகை தர வேண்டியதில்லை என்றது. 1981இல் அந்தக் கால்வாசியை 30 சதவீதமாக்கினார்கள். இதற்கிடையே செயின்ட் லூயிஸில் புரூயிட்-ஐகோ என்ற பெரிய குடியிருப்பை, கட்டி இருபது வருடம் ஆவதற்குள், 1972இல் அரசே வெடி வைத்து இடிக்கத் தொடங்கியது. ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்துப் பராமரிப்புக்கும் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1973இல் அதிபர் நிக்சன் புதிய கட்டுமானத்தை நிறுத்தினார். 1974 ஆகஸ்டில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், பழைய 1937 சட்டத்தின் எட்டாம் பிரிவைப் புதிதாக எழுதியது. "செக்‌ஷன் 8" என்ற பெயர் அங்கிருந்து வந்தது. குடும்பம் தானே தனியார் வீட்டைத் தேடிக்கொள்ளட்டும், விழும் துண்டை அரசு போடட்டும் என்பதுதான் அதன் கரு. இன்றைய வடிவம் 1998 சட்டத்துக்குப் பிறகு வந்தது. ஒரு பகுதி வவுச்சர்கள் குடும்பத்தோடு நகராமல் குறிப்பிட்ட கட்டடத்தோடு ஒட்டியிருக்கும். உங்கள் விஷயத்துக்கு அது வேண்டாம்.

யாருக்குக் கிடைக்கும்? பொதுவாக, வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாகக் கொடுக்கும் வவுச்சர்களில் நான்கில் மூன்று, அதைவிடவும் ஏழைகளுக்கு, சுமாராக 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: குடியுரிமை, கிரீன் கார்டு, அகதித் தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை.

ஆனால் தகுதி இருந்தால் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். உணவு உதவிக்குத் தகுதி இருந்தால் அரசு கொடுத்தே ஆக வேண்டும். வாடகை உதவி அப்படி இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எவ்வளவு ஒதுக்குகிறதோ அவ்வளவுதான். மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்ற மூன்றும் பட்டியலில் நிற்கின்றன, அல்லது பட்டியலே மூடிக் கிடக்கிறது. நியூயார்க் நகரில் 2009க்குப் பிறகு 2024 ஜூனில்தான் பட்டியலைத் திறந்தார்கள். ஒரே வாரம். 6,30,000க்கும் மேல் விண்ணப்பங்கள். அதில் குலுக்கல் போட்டு 2,00,000 பேரை எடுத்துப் பட்டியலில் வைத்தார்கள். கவனியுங்கள், அவர்களுக்கு வவுச்சர் கிடைக்கவில்லை. பட்டியலில் இடம் கிடைத்தது.

உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போன பெண்மணி அப்படி வருடக்கணக்கில் காத்திருந்து வந்தவராகத்தான் இருப்பார். இப்போது அவருக்கு வேறொரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வவுச்சர் கையில் வந்த நாளிலிருந்து வீடு தேடக் குறைந்தது 60 நாள் கொடுப்பார்கள். கெஞ்சிக் கேட்டால் நீட்டிப்பு கிடைக்கலாம். அதற்குள் சம்மதிக்கும் வீட்டுக்காரர் கிடைக்காவிட்டால் வவுச்சர் திரும்பப் போய்விடும், பட்டியலில் அடுத்தவருக்கு. நாடு முழுவதும் பார்த்தால், வவுச்சர் வாங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர்தான் அதை வைத்து வீடு பிடிக்கிறார்கள்.

நான் கூடவே அலைந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இவரும் முதியோர் உதவியாளர்தான், மூன்று பிள்ளைகள். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு பையில் வைத்திருப்பார். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் பஸ் ஏறும் இடைவெளியில் நின்றுகொண்டே விளம்பர எண்களுக்குப் போன் போடுவார். "இப்போதுதான் போய்விட்டது" என்ற பதிலை எத்தனை முறை கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. மறுநாளும் அதே விளம்பரம் அங்கேயே இருக்கும். ஐம்பதாவது நாளுக்கு மேல் ஒருவர் சரி என்றார். குடிபுகுமுன் வீடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அத்தாரிட்டியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தார். கையில் சின்னச் சோதனைக் கருவி. ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் செருகிப் பார்த்தார். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டினார். எல்லா ஜன்னலையும் தூக்கிவிட்டுக் கையை எடுத்தார். சமையலறை ஜன்னல் தடால் என்று விழுந்தது. அடுப்பில் ஒரு திருகு இல்லை. தொட்டிப் பக்கத்துப் பிளக் வேலை செய்யவில்லை. மூன்றும் சேர்த்து ஒரு மதிய நேர வேலை. வீட்டுக்காரர் சரிசெய்து கொடுத்திருந்தால் அடுத்த வாரம் குடிபுகுந்திருப்பார்கள். "எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்" என்று அவர் விலகிக்கொண்டார். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாளை மறுபடி உறைக்குள் வைத்தார்.

முப்பது நாள் நீட்டிப்பு வாங்கினோம். கடைசியில், வரிச்சலுகை வாங்கிக் கட்டிய ஒரு குடியிருப்பில் இடம் கிடைத்தது. இது வீடு தேடுகிறவர்களுக்குப் பயன்படும் தகவல்: 1986இல் தொடங்கிய அந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டிய கட்டடங்கள் வவுச்சரைக் காரணம் காட்டி ஆளை மறுக்க முடியாது. அங்கே முதலில் விசாரியுங்கள்.

வீட்டுக்காரர்களின் மறுப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் ஐந்து ஊர்களில் போன் போட்டுக் கேட்டுச் சோதித்தது. டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீத வீட்டுக்காரர்கள் வவுச்சர் வேண்டாம் என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 76. பிலடெல்ஃபியாவில் 67. நம் நியூ ஜெர்சியின் நூவர்க்கில் 31, வாஷிங்டன் டி.சி.யில் 15. மறுப்பதைத் தடுக்கும் சட்டம் டி.சி.யிலும் நியூ ஜெர்சியிலும் அப்போதே இருந்தது. மத்திய அரசின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. டெக்சாஸோ, இப்படி ஒரு தடை கொண்டுவரும் அதிகாரத்தைத் தன் நகரங்களிடமிருந்தே 2015இல் பறித்துவிட்டது. பிலடெல்ஃபியா மாதிரிச் சட்டம் இருந்தும் மறுக்கிற ஊர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சட்டமும் கண்காணிப்பும் சேர்ந்தால் மறுப்பு குறையும் என்றுதான் இந்த எண்களைப் படிக்கிறேன்.

"நிஜமாகவே உதவுகிறதா" என்று கேட்டீர்கள். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. பன்னிரண்டு ஊர்களில், தங்குமிடங்களில் இருந்த 2,200க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வவுச்சர், சிலருக்கு வேறு உதவிகள் கொடுத்து ஹட் மூன்று வருடம் கவனித்தது. வவுச்சர் பெற்ற குடும்பங்கள் மறுபடி வீடிழந்து நிற்பது பாதிக்கும் கீழே குறைந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவது குறைந்தது. வீட்டுக்குள் அடிபடுவதும் குறைந்தது. கடைசியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. போவதற்கு வேறு இடம் இருந்தால்தான் ஒரு பெண் அடிக்கிறவனை விட்டு வெளியே வர முடியும்.

இன்னொரு ஆய்வு, நமக்கு நெருக்கமான பெயர் உள்ளது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்கில் சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குப் போனால் மட்டுமே செல்லும் வவுச்சர். ஒரு பிரிவுக்குச் சாதாரண வவுச்சர். மூன்றாவது பிரிவு இருந்த இடத்திலேயே. பெரியவர்களின் சம்பளம் கூடவில்லை. அதனால் திட்டம் தோற்றுவிட்டது என்றுகூட நீண்ட காலம் பேசினார்கள். பிள்ளைகள் வளரும் வரை யாரும் காத்திருக்கவில்லை. 2015இல் ராஜ் செட்டி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர், நாதனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் இருவரோடும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளின் வரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். பதிமூன்று வயதுக்கு முன்பே நல்ல பகுதிக்குப் போன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், போகாதவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். பதின்ம வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எவ்வளவு சின்ன வயதில் போகிறார்களோ அவ்வளவு நல்லது. உங்களைப் பார்க்க வந்தவரின் பிள்ளைகளுக்கு என்ன வயது?

வவுச்சரால் முடியாததும் உண்டு. அது புதிதாக ஒரு வீட்டையும் கட்டாது. வீடுகளே குறைவாக உள்ள ஊரில் வவுச்சர் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும். அப்புறம், அட்வான்ஸ் தொகை பொதுவாக வவுச்சரில் அடங்காது. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகை வரை வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2,000 வாடகைக்கு அது 3,000. மாதம் 2,000 சம்பாதிப்பவர் அதை எங்கே போய்ப் புரட்டுவார்? முடிந்தால் ஒரு மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது தவணையில் வாங்குங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மற்ற எல்லோரையும் விசாரிப்பது போலவே இவரையும் விசாரிக்கலாம்: பழைய வீட்டுக்காரரிடம் கேட்பது, முந்தைய வாடகைப் பழக்கம் பார்ப்பது எல்லாம் உங்கள் உரிமை, உங்கள் வேலையும்கூட. குடித்தனக்காரராக அவர் எப்படி என்று அத்தாரிட்டி உங்களுக்காகச் சோதித்துத் தராது. எந்த வகை வவுச்சர் என்றும் கேளுங்கள். 2021இல் கொரோனா நிதியில் கொடுத்த 70,000 அவசர வவுச்சர்களுக்கான பணம் எதிர்பார்த்ததைவிடச் சில வருடம் முன்பாகவே, 2026இல் தீரும் என்று ஹட் அறிவித்தது. அந்த வகை என்றால் அடுத்து என்ன ஏற்பாடு என்று அத்தாரிட்டியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கமான வவுச்சருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முதல் தவணை வரச் சில வாரம் தாமதமாகலாம், அதற்குத் தயாராக இருங்கள். பிறகு மாதாமாதம் ஒழுங்காக வரும். அத்தாரிட்டி சொன்ன பங்குக்கு மேல் அவரிடம் தனியாக ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது, அது குற்றம். ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முன் நீங்களே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்: புகை எச்சரிக்கைக் கருவி, ஜன்னல் தாழ்ப்பாள், அடுப்புத் திருகு, தண்ணீர்ப் பக்கத்துப் பிளக், மாடிப்படிக் கைப்பிடி. கட்டடம் 1978க்கு முந்தையது என்றால் உரிந்த பெயின்டைக் கட்டாயம் பாருங்கள், ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு ஆபத்து.

குடிவைக்கச் சம்மதம் என்றால் அவரிடம் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும், வவுச்சரோடு சேர்த்தே கொடுத்திருப்பார்கள். வாடகை, பில் யார் பொறுப்பு, கட்டடம் எந்த வருடத்தது என்று சில விவரம்தான் கேட்கும், அரை மணி நேர வேலை. அதை நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு அவர் அத்தாரிட்டி ஆபீசில் சேர்த்த நாளிலிருந்து, முடிவு சொல்லும் வரை, அவருடைய 60 நாள் கெடு ஓடாமல் நிற்கும். அவருக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.